ஜான் சார்ன்லி

சர் ஜான் சார்ன்லி (29 ஆகஸ்ட் 1911 – 5 ஆகஸ்ட் 1982) ஆங்கிலேய எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஆவார். தேய்ந்து பழுதடைந்த இடுப்பு மூட்டை நீக்கிவிட்டு, உலோகமும் நெகிழியும் (பிளாஸ்டிக்) கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை மருத்துவத்தை நம்பகமான ஒன்றாக நிலைநாட்டியவர் இவரே. இவருக்கு முன்னும் பலர் இதனை முயன்றுள்ளனர். எனவே முதன்முதலாகச் செய்தவர் என்று இவரைக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் உராய்வு, தேய்மானம், எலும்பில் பிடிமானம், நோய்த்தொற்று ஆகிய நான்கு இடர்களையும் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றுக்கு ஒரே அறுவை முறையில் விடை கண்டவர் இவர். உடலினுள் பதிக்கப்படும் பொருட்களைப் பற்றிய துறையில் இவருடைய வாழ்க்கை ஒரு முதன்மையான பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. அவருடைய வெற்றிக்கு நிகராக, அதற்கு முன் நேர்ந்த பெருந்தோல்வியும் அப்பாடத்தில் இடம் பெறுகின்றது.

இளமையும் கல்வியும்

சார்ன்லி இங்கிலாந்தில் அன்று லங்காசயர் மாவட்டத்தில் இருந்த பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஆர்தர் சார்ன்லி அவ்வூரில் மருந்துக்கடை நடத்தியவர். தாயார் லில்லி செவிலியாகப் பயிற்சி பெற்றவர். சார்ன்லி பரி இலக்கணப் பள்ளியில் பயின்று, 1929 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். இடையே உடற்கூற்றியலிலும் உடலியங்கியலிலும் அறிவியல் இளவர் பட்டம் பெற்றார். 1935 இல் மருத்துவப் பட்டமும், அடுத்த ஆண்டிலேயே அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பாண்மையும் பெற்றார். அப்பொழுது அவருக்கு அகவை 25 தான்.

போர்க்காலமும் பட்டறைப் பழக்கமும்

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, 1940 மே மாதத்தில் பிரித்தானியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். டன்கர்க் கடற்கரையில் இருந்து படைவீரர்களை மீட்கும் பணியில் பங்கு கொண்டார். பின்னர் எகிப்தில் கெய்ரோவில் உள்ள படை மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவில் பணியாற்றினார். படையின் இயந்திரப் பொறியாளர்களுடைய பட்டறை அருகில் இருந்தமையால், தமக்கு வேண்டிய அறுவைக் கருவிகளையும் கால்தாங்கிகளையும் தாமே வரைந்து செய்வித்துக் கொண்டார். கடைசல் எந்திரத்தின் மீது அவருக்கு இருந்த ஈடுபாடு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. தம் வீட்டிலேயே ஒரு கடைசல் எந்திரம் வைத்திருந்தார். இதனை ஒரு பொழுதுபோக்காக மட்டும் கருதுதல் ஆகாது. பின்னாளில் நோயாளிகளின் இடுப்பில் பொருத்தப்பட்ட தொடக்கக்காலக் கிண்ணங்களுள் சில அவ்வீட்டுப் பட்டறையில் உருவானவையே.

போருக்குப் பின் 1946 இல் ஆசுவெசுட்ரி என்னும் ஊரில் இருந்த புகழ்பெற்ற எலும்பு மருத்துவமனையில் சில மாதங்கள் பணியாற்றினார். எலும்பு எவ்வாறு வளர்கின்றது என்பதை அறியும் பொருட்டு, உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரைக் கொண்டு தம்முடைய கணைக்கால் எலும்பிலேயே ஓர் ஆய்வு அறுவையைச் செய்து கொண்டார். அவ்விடத்தில் நோய்த்தொற்று ஏற்பட்டு, மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தது. தம் உடலையே ஆய்வுக்களமாக்கும் இவ்வழக்கம் அவருடைய வாழ்வில் பின்னரும் தலைகாட்டியது.

முறிந்த எலும்புகள்

1947 இல் மான்செஸ்டர் அரச மருத்துவமனையில் சர் ஹாரி பிளாட் அவர்களின் ஆதரவுடன் அறுவை மருத்துவராக அமர்ந்தார். எலும்பு முறிவுகளைத் தோலைக் கிழிக்காமல் கையாலேயே நேராக்கிக் கட்டும் முறை பற்றி 1950 இல் இவர் எழுதிய நூல் பல பதிப்புகளைக் கண்டது. அறுவை முறைகள் பெருகிவிட்ட பின்னரும் அந்நூல் எலும்பு மருத்துவம் பயில்வோரால் படிக்கப்பட்டு வருகின்றது. மூட்டின் இரு பக்க எலும்புகளையும் அழுத்திப் பிடித்து ஒன்றாகச் சேரச்செய்யும் முறை பற்றிய நூல் 1953 இல் வெளிவந்தது. நோவைப் போக்க மூட்டை அசையாமல் ஆக்கிவிடுவதே அன்றைய வழியாக இருந்தது. அவ்வழியில் தேர்ந்த ஒருவரே பின்னர் மூட்டை அசையவைக்கும் வழியைக் கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

கிறீச்சிட்ட மூட்டு

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் போன்றது. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள குழியில் அமர்ந்து எல்லாப் பக்கமும் திரும்புகின்றது. இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. மூட்டழற்சியால் இக்குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால், எலும்புடன் எலும்பு உரசுகின்றது. நடத்தல் மட்டும் அன்றி உறக்கமும் அரிதாகின்றது.

செருமானிய மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் 1890 ஐ ஒட்டிய ஆண்டுகளில் யானைத் தந்தத்தால் ஆன மூட்டுகளைப் பொருத்திப் பார்த்தார். இலண்டனில் பிலிப் வைல்ஸ் 1938 இல் எஃகினால் ஆன பந்தையும் கிண்ணத்தையும் பொருத்தினார். பாரிஸ் நகரின் ஜூடே உடன்பிறப்புகள் 1946 முதல் அக்ரிலிக் நெகிழியால் ஆன பந்தைத் தொடை எலும்பில் செருகினர். இவை யாவும் சில காலம் நோவைக் குறைத்தன. பின்னர் தளர்ந்தன அல்லது உடைந்தன.

ஜூடே வகை மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். உணவு மேசையில் அவர் முன்னே குனியும்போதெல்லாம் இடுப்பு கிறீச்சென்று ஒலித்ததாம். அதனைப் பொறுக்க மாட்டாமல் மனைவி அறையை விட்டு எழுந்து செல்லும் நிலை இருந்ததாம். மற்றவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடிய இந்நிகழ்ச்சி சார்ன்லியைச் சிந்திக்க வைத்தது. எண்ணெய் போடாத கதவுக் கீல் எதனால் ஒலிக்கின்றதோ அதனாலேயே இம்மூட்டும் ஒலிக்கின்றது என்று அவர் உணர்ந்தார். உராய்வு மிகுந்தால் பந்து தன்னுடன் தண்டையும் சேர்த்துத் திருகும். நாளடைவில் எலும்பில் உள்ள பிடிமானம் தளர்ந்துவிடும்.

அறுத்து நீக்கப்பட்ட கால்களின் மூட்டுகளைக் கொண்டு அவர் உராய்வை அளந்தார். இயற்கை மூட்டின் வழுக்கும் தன்மை, பனிக்கட்டியின் மேல் சறுக்கும் இரும்பின் வழுக்கலைக் காட்டிலும் மேம்பட்டதாக இருந்தது. இதற்குக் காரணம் மூட்டினுள் இருக்கும் நீர்மப் படலம் அன்று, குருத்தெலும்புப் பரப்பின் தன்மையே என்பது அவர் முடிவு. (நீர்மப் படலத்துக்கும் பங்கு உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.) மூட்டு நீர்மம் உலோகத்துக்கும் நெகிழிக்கும் நல்ல எண்ணெயாக அமையாது, ஆகவே தன்னியல்பிலேயே வழுக்கும் பொருள் ஒன்று வேண்டும் என்று அவர் கருதினார்.

சிறிய பந்து

அடுத்து அவர் கண்டது வடிவவியல் சார்ந்த உண்மை. இயற்கைத் தொடைத் தலையைப் போல 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டமுள்ள பந்தைப் பயன்படுத்தினால், உராய்வு விசை மையத்தில் இருந்து தொலைவில் செயற்பட்டுக் கிண்ணத்தைத் திருகிப் பெயர்க்கும். பந்தைச் சிறிதாக்கினால் இத்திருகல் குறையும். கிண்ணத்தின் சுவரையும் தடிப்பாக வைக்கலாம். படிப்படியாகக் குறைத்து, ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விட்டத்தில் நிலைகொண்டார். இயற்கையின் அளவையே பின்பற்ற வேண்டும் என்று கருதிய பலருக்கு இச்சிறு பந்து வியப்பை அளித்தது. மூட்டு நழுவும் வாய்ப்புச் சற்றுக் கூடும் என்பது இதன் குறையாகும். தம் முறைக்கு அவர் 'குறை உராய்வு மூட்டமைப்பு' என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

எலும்புச் சிமெண்ட்

பந்துடன் கூடிய எஃகுத் தண்டைத் தொடை எலும்பின் உட்புழையில் எவ்வாறு நிலைநிறுத்துவது என்பது அடுத்த வினா. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பொருட்களை ஆய்ந்துவந்த டென்னிஸ் ஸ்மித், பல் கட்டுவதில் பயன்படும் அக்ரிலிக் பொருளைப் பரிந்துரைத்தார். தூளையும் நீர்மத்தையும் கலந்தால் மாவு போல் குழைந்து, சில மணித்துளிகளில் சூடேறிக் கல் போல் இறுகும் பொருள் இது. 1958 முதல் சார்ன்லி இதனைப் பயன்படுத்தினார்; முதல் முடிவுகளை 1960 இல் வெளியிட்டார்.

சிமெண்ட் என்னும் பெயரால் இதனை ஒரு பசை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது எதனையும் ஒட்டுவதில்லை. கருங்கற்களுக்கு இடையே கொத்தனார் இடும் சாந்து போல இடைவெளிகளை நிரப்பி, எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து பூட்டிக் கொள்கின்றது. உடலின் எடை ஒரு சில முனைகளில் குவியாமல் எலும்பு முழுவதும் பரவுகின்றது. இன்றும் உலகெங்கும் இப்பொருளே, சிறு மாற்றங்களுடன், பயன்படுகின்றது.

டெஃப்லான் தோல்வி

வழுக்கும் பொருளாகச் சார்ன்லி முதலில் தெரிந்தெடுத்தது டெஃப்லான். இன்று தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்கப் பூசப்படுவதும் இதுவே. அன்று அறியப்பட்ட திண்மப் பொருட்களுள் மிகக் குறைந்த உராய்வு கொண்டவற்றுள் இது ஒன்று. வேதியியல் முறையில் எதனுடனும் எளிதில் வினைபுரியாது. உடலுக்கு ஊறு செய்யாத பொருள் என்று அனைவரும் நம்பினர்.

விகன் நகருக்கு அருகில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனை காசநோயாளிகளுக்காக ஏற்பட்டது. காசநோய்க்கு மருந்துகள் வந்தபின் அங்கே படுக்கைகள் காலியாயின. சார்ன்லி மான்செஸ்டரின் பெரிய மருத்துவமனையில் இருந்த மதிப்பு மிக்க பணியை விட்டு, நாட்டுப்புறத்தில் இருந்த அவ்விடத்தைத் தம் இடுப்பு மூட்டு மையமாக்கினார். அங்கே 1950களின் இறுதியில் இருந்து டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தத் தொடங்கினார். முடிவுகள் வியப்பூட்டின. ஆண்டுக்கணக்கில் ஊன்றுகோலுடன் இருந்தவர்கள் சில வாரங்களில் நோவின்றி நடந்தனர். 1961 இல் 'லான்செட்' இதழில் அவர் இம்முறையை அறிவித்தார். ஏறத்தாழ 300 பேருக்கு இம்மூட்டுகள் பொருத்தப்பட்டன.

ஓரிரு ஆண்டுகளில் நோவு திரும்பியது. ஊடுகதிர்ப் படங்களில் எஃகுப் பந்து கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே புதைவது தெரிந்தது. மூட்டைத் திறந்து பார்த்தபோது, தேய்ந்து உதிர்ந்த டெஃப்லான் துகள்களைச் சுற்றித் தயிர்க்கட்டி போன்ற திசுத்திரள் நிறைந்திருந்தது. அது எலும்பையும் அரித்திருந்தது. முழுக்கட்டியாக இருக்கும்போது தீங்கு செய்யாத பொருள், பொடியானபின் உடலைக் கடுமையாகத் தூண்டுகின்றது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. கண்ணாடி முதலியவற்றைக் கலந்து வலுவூட்டிய டெஃப்லானையும் அவர் முயன்றார். ஆய்வகத்தில் அது நன்கு தாங்கியது; உடலினுள் தாங்கவில்லை. ஆய்வகச் சோதனையை மட்டும் நம்பி ஒரு பொருளை உடலில் வைக்கலாகாது என்பதை அவர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றார். உண்மையில் அவ்விலையைக் கொடுத்தவர்கள் அந்நோயாளிகளே.

இத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. நோயாளிகளை ஒவ்வொருவராக அழைத்து, கிண்ணங்களை நீக்கும் கடினமான மறு அறுவைகளைச் செய்தார். டெஃப்லான் துகள்களைத் தம்முடைய தொடைத் தோலின் கீழேயே செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் கவனித்தார். செலுத்திய இடத்தில் கைக்குத் தட்டுப்படும் முடிச்சுகள் உருவாயின. இதனை 1963 இல் 'லான்செட்' இதழுக்கு எழுதிய மடலில் வெளியிட்டு, இப்பொருளைப் பயன்படுத்த வேண்டாம் என எச்சரித்தார். மருத்துவர்கள் தம் தோல்விகளை அச்சில் ஏற்றுவது அன்று மிகவும் அருகிய வழக்கமாகும்.

இன்றைய அளவுகோல்களின்படி பார்த்தால், நெடுநாள் ஆய்வு இன்றி 300 பேருக்கு ஒரு புதிய பொருளைப் பொருத்துவதற்கு எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தராது. அக்காலத்தில் அத்தகைய குழுக்களும் இல்லை. உடலில் பதிக்கும் கருவிகளுக்கான சட்டக் கட்டுப்பாடும் பெரும்பாலும் இல்லை.

தறிப் பல்சக்கரத்தின் பொருள்

1962 மே மாதத்தில் நெகிழி விற்பனையாளர் ஒருவர் ரைட்டிங்டன் பட்டறைக்கு வந்தார். லங்காசயர் நெசவாலைகளின் தறிகளில் பல்சக்கரம் செய்யப் பயன்படும், செருமனியில் உருவான ஒரு பொருளின் துண்டை அவர் கொண்டுவந்தார். அது மீயுயர் மூலக்கூற்று எடை கொண்ட பாலி எத்திலீன் ஆகும். கடைப்பைகள் செய்யப்படும் பாலித்தீனின் குடும்பத்தைச் சேர்ந்ததே இது. ஆயினும் இதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை. சார்ன்லி அத்துண்டை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, பயனற்றது என்று ஒதுக்கிச் சென்றார்.

பட்டறையின் தொழில்நுட்பர் ஹாரி கிராவன் அவ்வாறு விடவில்லை. தாம் சார்ன்லிக்காக உருவாக்கியிருந்த தேய்மானச் சோதனை எந்திரத்தில் அத்துண்டை ஏற்றினார். சார்ன்லி வெளிநாடு சென்றிருந்த நாட்களில் எந்திரம் இரவும் பகலும் ஓடியது. டெஃப்லான் ஒரு நாளில் தேயும் அளவைக் காட்டிலும் இப்பொருள் மூன்று வாரங்களில் குறைவாகவே தேய்ந்திருந்தது. திரும்பி வந்த சார்ன்லி தம் கருத்தை உடனே மாற்றிக் கொண்டார். உராய்வில் டெஃப்லானுக்குப் பின்தங்கியதாயினும், தேய்மானத்தில் இது ஒப்பற்றதாக இருந்தது. 1962 நவம்பரில் முதல் பாலி எத்திலீன் கிண்ணம் நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. ஹாரி கிராவனுடைய பெயர் மருத்துவ நூல்களில் அரிதாகவே காணப்படுகின்றது. அதனை இங்கே பதிதல் தகும்.

இம்முறை சார்ன்லி விரைந்து செயற்படவில்லை. லீட்ஸ் நகரின் தாக்ரே நிறுவனம் செய்த மூட்டுகளைப் பல ஆண்டுகள் பிற மருத்துவர்களுக்கு விற்க அவர் இசையவில்லை. பின்னர் இசைந்தபோதும், ரைட்டிங்டனுக்கு வந்து முறையாகப் பயின்றவர்களுக்கு மட்டுமே தரவேண்டும் என்று வரையறுத்தார். ஊடுகதிர்ப் படத்தில் தேய்மானத்தை அளப்பதற்காகக் கிண்ணத்தில் ஒரு கம்பியைப் பதித்தார். தம் நோயாளிகள் பலரிடம், இறந்தபின் அம்மூட்டை எடுத்து ஆராய்வதற்கு முன்கூட்டியே இசைவு பெற்றார். பெரும்பாலோர் மனமுவந்து இசைந்தனர் என்பது அவர்கள் அவர்மீது கொண்டிருந்த நம்பிக்கையைக் காட்டுகின்றது.

தூய காற்று

தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் ஆழ்ந்த நோய்த்தொற்று ஏற்பட்டது. அயற்பொருளைச் சுற்றி நுண்ணுயிர்கள் குடியேறினால் மருந்துகள் எளிதில் எட்டுவதில்லை. மூட்டையே நீக்க நேரிடும். அறுவை அறையின் காற்றில் இருந்தே பெரும்பாலான கிருமிகள் வருகின்றன என்று சார்ன்லி ஐயுற்றார். ஹாவர்த் என்னும் காற்று வடிகட்டி நிறுவனத்தின் துணையுடன், அறுவை அறையினுள் ஒரு சிறு கூண்டு அமைத்து, வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழாகப் பாயச் செய்தார். அறுவை செய்வோர் தலை முதல் மூடிய ஆடை அணிந்தனர்; அவர்கள் விடும் மூச்சுக்காற்றுக் குழாய் வழியே வெளியேற்றப்பட்டது. பார்ப்பதற்கு விண்வெளி வீரர்களைப் போன்று இருந்தனர். சில ஆண்டுகளில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

காற்று ஒன்றே இதற்குக் காரணமா என்று பலர் வினவினர். தையல் முறை முதலியவற்றையும் அவர் இடையே மாற்றியிருந்தார். 8,000க்கும் மேற்பட்ட அறுவைகளை உள்ளடக்கிய பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஒப்பாய்வு 1982 இல் வெளிவந்து, தூய காற்றினால் தொற்றுப் பாதிக்கும் மேல் குறைவதைக் காட்டியது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை முன்கூட்டியே தருவது வழக்கமாகிவிட்ட பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகள் சில இப்பயனை ஐயுறுகின்றன. உலக சுகாதார அமைப்பு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டலும் மூட்டு மாற்று அறுவைக்கு இத்தகைய காற்றோட்டத்தைப் பரிந்துரைக்கவில்லை. இக்கருத்து வேறுபாடு முற்றுப்பெறவில்லை.

சிறப்புகளும் இறுதிக்காலமும்

1957 இல் சார்ன்லி ஜில் ஹீவர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். பணியில் கண்டிப்பும் முன்கோபமும் உடையவராகவும், நோயாளிகளிடம் கனிவுடையவராகவும் அறியப்பட்டார். எலும்புச் சிமெண்ட் பற்றிய நூலை 1970 இலும், தம் இடுப்பு மூட்டு முறை பற்றிய முழுமையான நூலை 1979 இலும் வெளியிட்டார். 1972 முதல் 1976 வரை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலும்பு மூட்டு அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்தார். 1974 இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதைப் பெற்றார். 1975 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அறுவை மருத்துவர் ஒருவருக்கு இவ்வுறுப்பாண்மை கிடைப்பது அரிது. 1977 இல் சர் பட்டம் அளிக்கப்பட்டது. 1982 ஆகஸ்ட் 5 ஆம் நாள், தம் 71 ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களுக்கு முன், மாரடைப்பால் காலமானார். வில்லியம் வா எழுதிய இவருடைய வாழ்க்கை வரலாறு 1990 இல் வெளிவந்தது.

பிற்கால நிலை

சார்ன்லி பொருத்திய மூட்டுகளுள் பல, அவர் எதிர்பார்த்ததையும் கடந்து 20, 30 ஆண்டுகள் உழைத்தன. ஆயினும் டெஃப்லானில் கண்ட இடர் பாலி எத்திலீனிலும் மெதுவாகத் தலைதூக்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலும், உதிரும் நுண்துகள்களை விழுங்கும் வெள்ளணுக்கள் அருகில் உள்ள எலும்பைக் கரைக்கும் வினையைத் தூண்டுகின்றன. தொடக்கத்தில் இவ்வரிப்புக்குச் சிமெண்ட்டே காரணம் என்று தவறாகக் கருதப்பட்டது. 1990களின் இறுதியில், கதிர்வீச்சினால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து வலுவூட்டிய பாலி எத்திலீன் பயனுக்கு வந்தபின் தேய்மானம் பெரிதும் குறைந்தது. நெகிழியைத் தவிர்த்து உலோகத்தின் மேல் உலோகம் இயங்கும் மூட்டுகளை மீண்டும் புகுத்த நடந்த முயற்சி, உலோகத் துகள்களால் திசுக்கள் கெட்டமையால் 2010 ஐ ஒட்டிப் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டையும் பதிந்து கண்காணிக்கும் நாடளாவிய பதிவேடு ஒன்றைச் சுவீடன் 1979 இல் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் அத்தகைய பதிவேடு 2003 இல் தான் ஏற்பட்டது. ரைட்டிங்டன் மருத்துவமனை இன்றும் மூட்டு அறுவை மருத்துவத்துக்கான மையமாக இயங்கி வருகின்றது.